பிரிம்ரோஸ், பாலியாந்தஸ் மலர்களின் பழைய வர்ண வர்க்கங்களும் அவற்றைக் காக்கும் முறையும்

ஐரோப்பாவின் குளிர்ந்த தேசங்களில், பனிக்காலம் நீங்கி வசந்தம் தொடங்கும் தருணத்தில் முதன்முதலாய்ப் பூக்கும் சிறு செடிகளுள் பிரிம்ரோஸ் ஒன்றாகும். அதனோடு உறவுடைய தோட்டச் செடி பாலியாந்தஸ். இவை வெப்பமான சமவெளிகளில் நிலைத்து வளர்வன அல்ல. எனினும், ஒரு வர்க்கம் எவ்வாறு உண்டாகிறது, எவ்வாறு நிலைபெறுகிறது, எவ்வாறு அழிகிறது என்பவற்றை இச்செடிகளின் சரித்திரம் தெளிவாய்க் காட்டுகிறது. ஆகையால், வித்துக்கென்று செடி நிறுத்தும் விவசாயிகள் யாவரும் இதனை அறிவது பிரயோஜனமுள்ளதாகும்.

பூர்வீகம்

இங்கிலாந்தின் காட்டோரங்களில் தானே முளைக்கும் பிரிம்ரோஸ் வெளிறிய மஞ்சள் நிறமுடையது. இலைகளின் நடுவிலிருந்து ஒவ்வொரு பூவும் தனித்தனிக் காம்பில் எழும். கௌஸ்லிப் என்னும் மற்றொரு செடி புல்வெளிகளில் வளர்வது; அது ஒரே தண்டின் உச்சியில் பல சிறு பூக்களைக் கொத்தாய்த் தாங்கும். இவ்விரண்டும் அருகருகே வளருமிடங்களில் தாமாகவே கலப்பதுண்டு. துருக்கி முதலிய கீழ்த்திசை நாடுகளில் வளரும் பிரிம்ரோஸ் இளஞ்சிவப்பும் ஊதாவுமான பூக்களை உடையது. அது 17-ம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் தோட்டங்களை அடைந்தது. இவற்றின் கலப்பினால், அந்நூற்றாண்டின் பிற்பகுதியில், உயர்ந்த தண்டில் பெரிய பூக்களைக் கொத்தாய்த் தாங்குவதும் பல நிறங்களை உடையதுமான பாலியாந்தஸ் தோன்றிற்று.

இருவகைப் பூக்கள்

இவ்வினச் செடிகளில் கவனிக்கத்தக்க விசேஷம் ஒன்று உண்டு. சில செடிகளின் பூக்களில் சூல்தண்டு நீண்டு, சூல்முடி பூவின் வாயில் ஊசித்தலைபோல் தோன்றும். மகரந்தப் பைகள் குழலுக்குள் தாழ்ந்திருக்கும். வேறு சில செடிகளில் மகரந்தப் பைகள் வாயிலும், சூல்முடி குழலின் உள்ளேயும் அமைந்திருக்கும். ஒரு செடியின் பூக்களெல்லாம் ஒரே வகையாகவே இருக்கும். முன்னதை ஆங்கிலத் தோட்டக்காரர் ‘ஊசிக்கண்’ என்றும், பின்னதை ‘நூல்முனைக்கண்’ என்றும் வழங்கினர். துணியை அறுத்தெடுத்தபின் தறியில் எஞ்சி நிற்கும் நூல் முனைகளின் பெயரே பிந்தியதற்கு வந்தது.

இவ்வமைப்பின் கருத்தை 1862-ம் வருஷத்தில் சார்லஸ் டார்வின் விளக்கினார். ஒருவகைப் பூவின் மகரந்தம் மற்றவகைப் பூவின் சூல்முடியை அடைந்தால்தான் நிறைய வித்துக்கள் பிடிக்கின்றன. ஒரே வகைக்குள் சேர்க்கை நிகழ்ந்தால் வித்து மிகக் குறைகிறது. ஆகவே பிரிம்ரோஸ், கம்பைப் போலவே, அயல் மகரந்தத்தை நாடும் இயல்புடையது. பல நிறச் செடிகளை ஒரே பாத்தியில் வைத்து, சேர்க்கையைத் தேனீக்களுக்கே விட்டுவிட்டால், சில தலைமுறைகளில் நிறங்கள் கலந்துபோகும். வர்ண வர்க்கத்தைக் காப்பதில் உள்ள கஷ்டம் முழுவதும் இதிலேயே அடங்கியுள்ளது.

பொன்விளிம்புப் பாலியாந்தஸ்

18-ம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் பொன்விளிம்பு வர்க்கம் புகழ்பெறலாயிற்று. இதன் இதழ் கருஞ்சிவப்பாகவோ ஏறக்குறையக் கறுப்பாகவோ இருக்கும். ஒவ்வொரு இதழையும் சுற்றி மெல்லிய பொன்னிற விளிம்பு ஓடி, நடுவிலும் ஒரு கோடாய் இறங்கும். பூவின் நடுக்கண்ணும் விளிம்பும் ஒரே பொன்னிறமாய் இருத்தல் வேண்டுமென்பது விதி. லங்காஷயர் முதலிய வடபகுதிகளில் நெசவாளரும் ஏனைய கைத்தொழிலாளரும் இதனைச் சிறு தொட்டிகளில் வளர்த்து, போட்டிக் காட்சிகளுக்குக் கொண்டுவந்தனர்.

போட்டியில் நூல்முனைக்கண் பூவே ஏற்கப்பட்டது. ஊசிக்கண் செடி எவ்வளவு அழகாயிருப்பினும் தள்ளப்பட்டது. சம அளவில் இருக்கவேண்டிய இருவகையுள் ஒன்றை இவ்வாறு ஒதுக்கியதால், வித்துப் பிடிப்பதற்கு வேண்டிய துணைச் செடி தோட்டத்தில் அருகிற்று. பெயர்பெற்ற ரகங்கள் தூரைப் பிரித்து நடுவதனாலேயே பெருக்கப்பட்டு வந்தன. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வாசை குறைந்து, பாதுகாப்போர் அருகியபோது, அப்பழைய ரகங்கள் ஏறக்குறைய முற்றிலும் மறைந்தன. இன்று காணப்படும் பொன்விளிம்புச் செடிகள் பெரும்பாலும் வித்திலிருந்து மீண்டும் தெரிந்தெடுக்கப்பட்டவை.

தனி நிறங்களைத் தேர்ந்தவர்கள்

சர்ரே ஜில்லாவில் மன்ஸ்டெட் என்னுமிடத்தில் வாழ்ந்த கெர்ட்ரூட் ஜீகில் (1843–1932) வெள்ளை, மஞ்சள் ஆகிய நிறங்களையே நாடி, கொத்துப் பிரிம்ரோஸ் வர்க்கமொன்றைப் பல வருஷங்கள் தெரிந்தெடுத்து வளர்த்தார். விஸ்லியில் தோட்டம் அமைத்த ஜி. எப். வில்ஸன் 19-ம் நூற்றாண்டின் இறுதியில் நீல நிறப் பிரிம்ரோஸை உண்டாக்கினார்.

அமெரிக்காவில் ஆரிகன் மாகாணத்தில் பிளாரன்ஸ் பெல்லிஸ் என்பவர், பொருளாதார மந்தம் நிலவிய 1930-களில், இங்கிலாந்திலிருந்து தருவித்த வித்துக்களைக் கொண்டு பார்ன்ஹேவன் என்னும் பண்ணையைத் தொடங்கினார். அவர் சேர்க்கையைத் தேனீக்களுக்கு விடாமல், கையினாலேயே செய்து, நிறவாரியாக வர்க்கங்களைப் பிரித்தார். கனடாவின் கௌவிச்சன் என்னும் இடத்தின் பெயரைத் தாங்கியதும், நடுக்கண் இல்லாமல் ஒரே ஆழ்ந்த நிறமாய் விளங்குவதுமான வர்க்கமும் அவரால் விருத்தியாயிற்று. 1966-ம் வருஷத்தில் அவர் பணியிலிருந்து விலகியபோது, வித்துக்கள் இங்கிலாந்திலுள்ள ஒரு தம்பதியிடம் ஒப்புவிக்கப்பட்டன; 1990-ம் வருஷத்தில் பிரான்ஸ் தேசத்துப் பிரிட்டனி பகுதிக்குச் சென்றன. இவ்வாறு ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு உரிய காலத்தில் மாறியதனாலேயே அவ்வர்க்கங்கள் தொடர்ந்து நிலைத்தன. லங்காஷயர்த் தொழிலாளரின் ரகங்களுக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை.

காக்கும் முறை

1. தேர்வு: பூக்கும் காலத்தில் பாத்தியைத் தினந்தோறும் பார்வையிட்டு, வர்க்கத்தின் நிறத்திற்கு மாறான செடிகளை அப்போதே பிடுங்கி அகற்ற வேண்டும். நிறம் மாத்திரமன்றி, செடியின் பலத்தையும் கவனிக்க வேண்டும். தாய்ச்செடிகள் சிலவற்றோடு நின்றுவிடாமல் பலவாக இருப்பது நலம். மிகச் சில செடிகளுக்குள்ளேயே சேர்க்கை தொடருமாயின் சந்ததி நலிவடையும்.

2. கைச்சேர்க்கை: இப்பூவில் மகரந்தப் பைகள் இதழ்க்குழலின் உட்புறத்திலேயே ஒட்டியிருக்கின்றன. ஆகையால் மொட்டு விரியுமுன் இதழ்க்குழலை மெதுவாய்ப் பிய்த்தெடுத்தால் பைகளும் கூடவே வந்துவிடும். சூலகமும் சூல்தண்டும் மாத்திரம் நிற்கும். அதே வர்க்கத்தைச் சேர்ந்த மற்றவகைப் பூவின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவவேண்டும். இதழற்ற பூவைத் தேனீ பெரும்பாலும் நாடாது. சேர்க்கை செய்த பூவின் காம்பில் அடையாள நூல் கட்டுவது அவசியம்.

3. வித்து: கோடையின் முற்பகுதியில் காய்கள் முற்றும். வெடித்துச் சிதறுமுன் சேகரிக்க வேண்டும். புது வித்து விரைவில் முளைக்கும். உஷ்ணமான இடத்தில் வைத்த வித்து முளைப்புச் சக்தியை இழக்கும். விதைத்தபின் மண்ணை மிக மெல்லியதாய்த் தூவி, நிழலும் ஈரமும் குறையாமல் பார்க்க வேண்டும். வெப்பம் 20 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்படின் முளைப்புத் தடைப்படும்.

4. தூர் பிரித்தல்: இரண்டு அல்லது மூன்று வருஷத்திற்கொருமுறை, பூத்து முடிந்தவுடன் செடியைப் பெயர்த்து, முதிர்ந்த கிழங்குப் பகுதியை நீக்கி, இளம் வேருள்ள பகுதிகளை வேறு நிலத்தில் நடவேண்டும். ஒரே நிலத்தில் இடைவிடாமல் நட்டுவந்தால் வேரழுகல் நோய் பற்றும்.

5. பகிர்வு: ஒவ்வொரு வர்க்கத்தையும் குறைந்தது இருவர், இரண்டு வேறு இடங்களில், வைத்திருப்பது உத்தமம்.

முடிவுரை

இக்காலத்தில் கடைகளில் விற்கப்படும் பெரும் பூவுள்ள செடிகள் அநேகமாய் முதல் தலைமுறைக் கலப்பு வித்திலிருந்து வருவன. அவற்றின் வித்தைச் சேகரித்து விதைத்தால் தாயைப்போல் சந்ததி வராது. வருஷந்தோறும் புதிய வித்து வாங்கவே நேரிடும். பழைய வர்க்கமோ வளர்ப்பவருக்கே சொந்தமானது. ஆனால் அது உழைப்பைக் கேட்கிறது.

பிரிம்ரோஸுக்கு நேர்ந்தது, அயல் மகரந்தத்தால் காய்க்கும் எப்பயிருக்கும் நேரக்கூடும். வித்துச் சட்டியின்மேல் எழுதிய பெயர் வர்க்கத்தைக் காப்பதில்லை. வருஷந்தோறும் பாத்தியருகே சென்று, மாறானதை நீக்கி, நல்லதை நிறுத்தும் மனிதரே அதனைக் காக்கிறார். அவர் அவ்வேலையைத் தம் மக்களுக்கோ அயலாருக்கோ பழக்கிவைக்காமல் விட்டால், நூறு வருஷத்துப் பொருள் ஒரு சில பருவங்களில் கலந்து மறைந்துவிடும். கிராமத்தில் தனிப்பட்ட குணமுள்ள வித்தை வைத்திருப்பவர் யாரென்பதை அறிந்து, அவருக்குப்பின் அதனை ஏற்பவர் யாரென்று இப்பொழுதே விசாரித்து வைப்பது கிராம அதிகாரிகளுக்கும் விவசாயிகளுக்கும் தகுந்த காரியமாகும்.