முட்டைக்கோஸ் அசுவினிக்குக் காரம் தடையல்ல

முட்டைக்கோஸ், காலிபிளவர், கடுகு ஆகிய பயிர்களுக்குக் காரமே காவல். இவற்றின் இலையில் கந்தகம் கலந்த ஒரு பொருளும், அதைக் காரமாக மாற்றும் நொதியும் தனித்தனியே உள்ளன. புழு இலையைக் கடித்தால் இரண்டும் கலந்து காரம் பிறக்கும். பல பூச்சிகள் விலகிவிடும்.

அசுவினி கடிப்பதில்லை. ஊசி போன்ற வாயைத் திசுவறைகளின் இடையே செலுத்திச் சாற்றை உறிஞ்சுகிறது. எனவே காரம் அதிகம் பிறப்பதில்லை. மேலும், முட்டைக்கோஸ் அசுவினி அப்பொருளைத் தன் உடலிலேயே சேர்த்து வைக்கிறது. நொதியும் அதனிடமே உண்டு. இதைத் தின்னும் சிலவகைப் பொறிவண்டுப் புழுக்கள் மடிகின்றன. ஏழு புள்ளிப் பொறிவண்டின் புழுக்களோ தாங்கி வளர்கின்றன.

ஆகவே பயிரின் காரத்தை நம்பியிராமல், வாரந்தோறும் இலையின் அடிப்புறத்தையும் குருத்தையும் கவனிக்க வேண்டும். சாம்பல் பூத்த அசுவினிக் கூட்டம் தென்பட்டால் அந்த இலைகளைக் கிள்ளி அழிக்கவும். தழைச்சத்தை அளவோடு இடவும். பொறிவண்டுகள் இருக்கும்போது பூச்சிமருந்து தெளிப்பதில் அவசரம் கூடாது.