புல்வெளியில் ஆர்க்கிட் தேடுகிறவர்களுக்கு

ஆர்க்கிட் என்றால் மரக்கிளையைப் பற்றி வளரும் செடிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். நீலகிரியிலும் பழனி மலையிலும் 2,000 மீட்டருக்கு மேலுள்ள புல்வெளிகளில், மண்ணுக்குள் கிழங்கு விட்டு வாழும் ஆர்க்கிடுகளும் உண்டு. அவற்றில் என் மனத்துக்கு நெருக்கமானது சத்தீரியம் நேபாலென்சே. இளஞ்சிவப்புப் பூங்கதிர் கொண்டது. டேவிட் டான் 1825இல் நேபாளத்துச் செடியை வைத்து இதற்குப் பெயரிட்டார். இலங்கையின் உயர்மலைகளிலும் இது பூக்கிறது.

பார்க்க விரும்பினால் தென்மேற்குப் பருவமழை தணியும் நேரத்தில் போங்கள். நின்றுகொண்டு தேடினால் புல்தான் தெரியும். சரிவின் கீழ்ப்பக்கம் குந்தி உட்கார்ந்து, புல்லின் மட்டத்துக்குக் கண்ணைத் தாழ்த்தி மேல்நோக்கிப் பார்ப்பது என் வழக்கம். ஒரு கதிர் தென்பட்டதும் எழுந்து ஓடாதீர்கள். பூக்காத செடிகள் வெறும் இலையாகக் காலடியிலேயே இருக்கக்கூடும்.

அடையாளம் காணப் பூவின் பின்புறத்தைப் பாருங்கள். இரண்டு மெல்லிய குழல்கள் கீழ்நோக்கித் தொங்கும். பெரும்பாலான ஆர்க்கிடுகளில் மொட்டு விரியுமுன் அரைவட்டம் திரும்பி, உதட்டிதழ் கீழே வந்துவிடும். சத்தீரியம் அப்படித் திரும்புவதில்லை. அதன் உதட்டிதழ் மேலேயே முக்காடு போட்டதுபோல் நிற்கும். கைலென்ஸ் வைத்து இதைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்புதான்.

தை மாதத்தில் அதே இடத்துக்குப் போனால் ஒன்றும் இருக்காது. உறைபனியில் புல்லெல்லாம் கருகிக் கிடக்கும். செடி செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். இலையும் தண்டும் மடிந்தாலும், அந்தப் பருவத்தில் திரண்ட புதுக் கிழங்கு அடுத்த மழைக்காக மண்ணுக்குள் காத்திருக்கிறது.

அந்தக் கிழங்கைத் தோண்டி வீட்டுத் தொட்டியில் வைக்க ஆசைப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிக் கொண்டுவந்தவை மறுமழைக்குத் துளிர்த்து நான் கண்டதில்லை. இதன் விதை தூசியளவுதான். அதில் உணவுச் சேமிப்பு கிடையாது. மண்ணிலுள்ள பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். அந்த மண்ணை நம்மால் தொட்டியில் உண்டாக்க முடியாது. படம் எடுங்கள், ஆனால் மறைக்கிறது என்று சுற்றியுள்ள புல்லைப் பிடுங்காதீர்கள், இடத்தின் பெயரை ஊரறியப் போடாதீர்கள். முக்கூர்த்தி போன்ற இடங்களுக்கு வனத்துறை அனுமதி பெற்றே செல்லுங்கள்.

கிழங்கைத் தோண்டுவதைவிடப் பெரிய ஆபத்து நிழல். ஆஸ்திரேலியாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த சீகை மரம் சரிவுசரிவாகப் புல்வெளியை விழுங்கியிருக்கிறது. அடர்ந்த சீகைக்குள் நான் தேடிய இடங்களில் இந்தப் பூ ஒன்றுகூட இல்லை. மலைப் புல்வெளி, மரமில்லாமல் வீணாய்க் கிடக்கும் தரிசு அல்ல. வரையாடு மேய்வதும் சோலைக்கு நீர் ஊறுவதும் அங்கேதான். மரக்கன்றுகளோடு மலையேறுகிற நண்பர்களே, புல்வெளியைப் புல்வெளியாகவே விட்டுவிடுங்கள்.