புத்தரிடம் அனுமதி கேட்க வேண்டாம்

பனவடலிசத்திரம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. நான்கு பக்கம் எழுதியிருந்தாலும் நீ முக்கியமாகக் கேட்டது ஒன்றுதான்: தன்பாலீர்ப்பைப் பாவம் என்று புத்தர் எங்காவது சொல்லியிருக்கிறாரா? பாளையங்கோட்டையில் நீ போகும் பௌத்த வாசிப்பு வட்டத்தில் பெரியவர் ஒருவர் அது மூன்றாவது சீலத்துக்கு விரோதம் என்று சொல்லிவிட்டார், அன்றிலிருந்து அங்கே போகக் கால் எழவில்லை என்கிறாய். சாதி வேண்டாம் என்று தேடிப்போன இடத்திலும் வாசலில் நிறுத்திவிட்டார்களே என்று எழுதியிருக்கிறாய். அந்த வரிக்காகவே இந்தக் கடிதம் நீளப் போகிறது.

நீ யாரை நேசிக்கிறாய் என்பதை எனக்குச் சொன்னதற்காக இரண்டு இடத்தில் மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். என்னிடமோ வேறு யாரிடமோ அதற்கு மன்னிப்புக் கேட்காதே.

இனி உன் கேள்வி. மூன்றாவது சீலம் காமத்தில் தவறாக நடப்பதை விலக்கச் சொல்கிறது. எது தவறு என்பதைப் பாலி நூல்கள் விளக்கியிருக்கின்றன. மஜ்ஜிம நிகாயத்தில் சாலேய்யக சுத்தம் என்ற உரையை எடுத்துப் பார். தாய் தந்தையின் பாதுகாப்பில் இருக்கும் பெண், உடன்பிறந்தார் காவலில் இருக்கும் பெண், கணவன் உள்ளவள், மணம் நிச்சயமாகி மாலை சூட்டப்பட்டவள் என்று அந்தப் பட்டியல் போகிறது. இன்னொருவரின் நம்பிக்கையை உடைக்காதே, காவலை மீறாதே என்பதுதான் அதன் சாரம். இல்லறத்தாருக்குச் சொன்ன அந்தப் பட்டியலில் ஆணை நேசிக்கும் ஆண் இல்லை. பெண்ணை நேசிக்கும் பெண்ணும் இல்லை. பல நூற்றாண்டுகள் கழித்து வசுபந்து போன்ற ஆசிரியர்கள்தான் எந்த உறுப்பு, எந்த இடம், எந்த நேரம் என்று பட்டியலை நீட்டினார்கள். அதில் சொந்த மனைவியிடம் நடந்துகொள்ளும் முறைக்குக்கூட விலக்குகள் உண்டு. திபெத்திய மரபு அதை ஏற்றது. தலாய் லாமா 1997இல் சான் பிரான்சிஸ்கோவில் தன்பாலீர்ப்புள்ள பௌத்தர்களைச் சந்தித்தபோது, மரபு நூல்படி தன்பாலுறவு தகாத ஒழுக்கமே என்றார். அவர்களுடைய மனித உரிமைக்கு ஆதரவாகவும் பேசினார். 2014இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், இருவர் மனமொத்து வாழ்வது அவரவர் சொந்த விஷயம் என்று சொன்னார், சமயத்தைப் பின்பற்றுகிறவர்கள் தத்தம் நெறியைக் கைக்கொள்ளட்டும் என்ற குறிப்போடு.

உனக்கு இதமான செய்தியை மட்டும் பொறுக்கித் தர எனக்கு மனமில்லை. விநயபிடகத்தில், பண்டகர் என்று குறிக்கப்படுவோருக்குத் துறவு தரக்கூடாது என்று விதி இருக்கிறது. அந்தச் சொல் யாரைக் குறித்தது என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. அப்படிக் குறிக்கப்பட்ட ஒரு துறவியின் நடத்தையைப் பார்த்த ஊரார், சங்கத்தில் எல்லோருமே இப்படித்தான் என்று பேசத் தொடங்கினார்கள், அதனால் விதி வந்தது என்று நூலே காரணம் சொல்கிறது. ஊர் வாய்க்குப் பயந்து ஒரு கதவு சாத்தப்பட்டது என்றுதான் எனக்குப் படுகிறது. அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகாமல் நின்று படி.

அதே விநயத்தில் வேறொரு இடம் இருக்கிறது. ஒரு பிக்குவுக்குப் பெண்ணின் உடற்குறிகள் தோன்றிவிடுகின்றன. என்ன செய்வது என்று புத்தரிடம் கேட்கிறார்கள். வெளியேற்றச் சொல்லவில்லை, மறுபடி துறவு பூணவும் சொல்லவில்லை. அதே குரு, அதே துறவு, அதே மூப்பு எல்லாம் அப்படியே இருக்க, பிக்குணிகளோடு போய் வாழட்டும் என்று அனுமதி தருகிறார். பிக்குணி ஒருவருக்கு ஆணின் குறிகள் தோன்றினாலும் இதே ஏற்பாடுதான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய நூல் ஒன்று, உடல் மாறினாலும் ஆள் ஈட்டிய தகுதி மாறாது என்று முடிவு சொல்கிறது. அரசுப் பதிவேட்டில் பெயரையும் பாலினத்தையும் மாற்ற அலுவலகம் அலுவலகமாக அலையும் திருநங்கைகளை நினைத்தபடி அந்த இடத்தை நான் படிப்பேன்.

தம்மபத உரையில் சோரேய்யன் கதை இருக்கிறது. செல்வக் குடும்பத்து இளைஞன். மகாகச்சாயனர் என்ற தேரரின் பொன்னிற மேனியைப் பார்த்து, இவர் எனக்கு மனைவியானால் என்ன என்று நினைக்கிறான். அந்தக் கணமே பெண்ணாகிவிடுகிறான். வெட்கத்தில் தட்சசீலம் வரை ஓடிப்போய், அங்கே ஒருவரை மணந்து இரண்டு பிள்ளைகள் பெறுகிறான். ஆணாக இருந்தபோதே அவனுக்கு இரண்டு பிள்ளைகள் உண்டு. பின்னாளில் தேரரிடம் மன்னிப்புக் கேட்டு ஆணாகித் துறவியும் ஆகிறான். எந்தப் பிள்ளைகள்மேல் பாசம் அதிகம் என்று எல்லோரும் துளைத்துத் துளைத்துக் கேட்கிறார்கள். தாயாக இருந்து பெற்ற பிள்ளைகள்மேல்தான் என்கிறான். ஞானம் அடைந்த பிறகு கேட்டபோதுதான், தனியாக யார்மேலும் பற்றில்லை என்கிறான். இந்தக் கதையைத் தண்டனைக் கதையாகவே பலர் சொல்வார்கள். அப்படி வாசிக்க இடமும் இருக்கிறது. ஆனால் பெண்ணாக வாழ்ந்த வாழ்க்கையைப் பொய் என்று கதை தள்ளவில்லை என்பதைக் கவனி.

பார்த்தாயா, உனக்குச் சாதகமாக இரண்டு எடுத்தால் எதிரே நிற்பவர் இரண்டு எடுப்பார். நம்ம சங்கரன்கோவிலையும் இதில் இழுக்காதே. சங்கரநாராயணர் பாதி சிவன், பாதி திருமால் என்பதையும் கோமதியம்மன் தவத்தையும் சாட்சியாக வைத்து அம்மாவிடம் பேசலாமா என்று கேட்டிருந்தாய். உன் அம்மா ஆடித்தபசுக்குத் தவறாமல் போகிறவர். சைவமும் வைணவமும் சண்டையிட வேண்டாம் என்பதற்காக எழுந்த வடிவம் அது. அதற்குள் உன் வழக்கைத் திணித்தால் அம்மாவுக்கு வலிக்கும், உனக்கும் பலன் இராது.

புத்தரே அனுமதிச் சீட்டை விட மேலான ஒன்றைத் தந்திருக்கிறார். கேசபுத்தம் என்ற ஊரில் காலாமர்கள் அவரிடம் முறையிட்டார்கள்: வருகிற ஆசான் எல்லாம் தன் கொள்கையை உயர்த்தி மற்றதைத் தாழ்த்துகிறார், நாங்கள் யாரை நம்புவது? பரம்பரையாக வந்தது, ஏட்டில் இருக்கிறது, குரு சொன்னார் என்பதற்காக மட்டும் ஏற்காதீர்கள் என்பது அவர் தந்த பதில். பேராசை, வெறுப்பு, மயக்கம் ஆகியவற்றிலிருந்து அது பிறக்கிறதா, யாருக்காவது துன்பம் தருகிறதா என்று நீங்களே பாருங்கள். அறிவுடையோர் அதைப் பழிக்கிறார்களா என்றும் பாருங்கள் என்றார். உன் நேசத்தை அந்த உரைகல்லில் தேய்த்துப் பார். அந்தப் பெரியவர் சொன்ன சொல்லையும் அதே கல்லில் தேய். எது யாரை வதைத்தது என்று தெரிந்துவிடும்.

இந்த உரைகல்லைக் கையில் எடுத்தவர்களில் அம்பேத்கரை விட எனக்கு நெருக்கமானவர் இல்லை. பம்பாயில் ஆர்.டி. கார்வே என்ற கணிதப் பேராசிரியர் ‘சமாஜ ஸ்வாஸ்த்ய’ என்ற மராத்தி இதழ் நடத்தினார். பாலுறவு குறித்து வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு ஒளிவுமறைவின்றிப் பதில் எழுதினார். தன்பாலீர்ப்பு பற்றிய கேள்விகளும் அவற்றில் உண்டு. ஆபாசம் என்று வழக்குப் போட்டார்கள். 1934இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அவருக்காக வாதாடியவர் அம்பேத்கர். கேட்கத் தெரிந்த மக்களுக்குப் பதில் மறுக்கக்கூடாது என்றும், பாலுறவு பற்றி எழுதுவதாலேயே அது ஆபாசம் ஆகிவிடாது என்றும் வாதிட்டார். தன்பாலீர்ப்பு இயல்பிலேயே சிலருக்கு அமைவது என்பதற்கு ஹேவ்லாக் எல்லிஸின் ஆய்வை எடுத்து வைத்தார். வழக்குத் தோற்றது, கார்வேக்கு 200 ரூபாய் அபராதம். தீண்டாமைக்கு எதிராகப் போராடிக்கொண்டிருந்த ஒருவர், வேறு யாருக்கோ நேர்ந்த அவமானத்துக்காகவும் கறுப்பு அங்கி போட்டு நின்றார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

அவர்தான் 1956 அக்டோபர் 14இல் நாக்பூரில் தம்மம் தழுவினார். முதியவர், நோயாளி, பிணம், துறவி ஆகிய நால்வரைக் கண்டு சித்தார்த்தர் வீட்டை விட்டுப் போனார் என்ற கதை அறிவுக்குப் பொருந்தவில்லை என்று தோன்றியதும் அதைத் தள்ளிவைத்து, ரோகிணி ஆற்றுத் தண்ணீர்ச் சண்டையில் போரை மறுத்ததால் வெளியேறினார் என்று எழுதினார். பெரியார்தாசன் தமிழாக்கிய ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் படிக்கலாம். புத்தரின் வாழ்க்கைக் கதையையே உரசிப் பார்க்க அவர் தயங்கவில்லை. நீ ஒரு பெரியவரின் பேச்சை உரசிப் பார்க்கத் தயங்குகிறாய்.

நம் பக்கத்தில் அயோத்திதாசரும் இப்படித்தான் வாசித்தார். 1898இல் கொழும்பு போய்ப் பஞ்சசீலம் ஏற்று வந்தவர். அவர் எழுத்துகளை ஞான அலாய்சியஸ் தொகுக்க, 1999இல் வெளியிட்டது நீ இருக்கும் ஊரின் தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம். நூலகத்தில் கேட்டு வாங்கிப் படி.

பௌத்தம் என்ற பெயர் மட்டும் யாரையும் காப்பாற்றாது என்பதற்கு இலங்கையைப் பார். அரசியலமைப்பில் பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்த நாடு. 1883இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தில் தன்பாலுறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகளை விடுதலைக்குப் பிறகும் வைத்துக்கொண்டது. 1995இல் திருத்தியபோது பெண்களையும் அதற்குள் சேர்த்தது. 2023 மே மாதம், அந்தப் பிரிவுகளை மாற்றும் மசோதாவுக்கு அரசியலமைப்பில் தடை இல்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லியும் மசோதா சட்டமாகவில்லை. தைவானில் நடந்தது வேறு. 2012 ஆகஸ்டில் சாவ் ஹுவே என்ற பிக்குணி இரண்டு பெண்களுக்குப் பௌத்த முறைப்படி திருமணம் நடத்திவைத்தார். அரசு சட்டம் 2019இல்தான் வந்தது. ஒரு துறவி அரசுக்கு ஏழு ஆண்டு முன்னால் போய் நின்றார்.

இந்தியாவில், வெள்ளைக்காரன் காலத்தில் தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவை டெல்லி உயர் நீதிமன்றம் 2009இல் தளர்த்தியது, 2013இல் உச்ச நீதிமன்றம் திருப்பிக் கொண்டுவந்தது, 2018 செப்டம்பர் 6இல் அதே உச்ச நீதிமன்றம், வயதுவந்தோர் மனமொத்து நடப்பது குற்றமில்லை என்று முடித்துவைத்தது. இதெல்லாம் உனக்குத் தெரியும். மதுரைப் பெண்கள் இருவரின் வழக்கைத்தான் நீ ஊன்றிப் படிக்க வேண்டும். வீட்டார் எதிர்க்கவே சென்னைக்குப் போனார்கள். பெண்ணைக் காணோம் என்று பெற்றோர் புகார் கொடுக்க, போலீஸ் தேடி வந்தது. பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தமக்கு முழுத் தெளிவு இல்லை என்பதை உத்தரவிலேயே எழுதி, உளவியலாளர் முன் அமர்ந்து கற்றுக்கொண்டு, பிறகு 2021 ஜூன் 7இல் நெறிமுறைகளை வகுத்தார். நீதிபதி இருக்கையில் இருந்துகொண்டு, எனக்குள் இருக்கும் வெறுப்பு எங்கிருந்து வந்தது என்று தேடுவதற்கு எவ்வளவு மனத்துணிவு வேண்டும்! சம்மா திட்டி, நற்காட்சி என்று எண்வழிப் பாதையின் முதற்படியாகச் சொல்கிறார்களே, அதை நான் அந்த உத்தரவில் பார்த்தேன். அவர் பௌத்தரா என்பது பொருட்டே இல்லை.

அதிலிருந்து உனக்கு நேராகப் பயன்படுவதைச் சொல்கிறேன். உனக்குப் பதினெட்டு தாண்டிவிட்டது. காணோம் என்று வீட்டார் புகார் கொடுத்தாலும், நீயாகவே விரும்பிப் போனதாக வாக்குமூலம் தந்தால் போலீஸ் புகாரை முடித்துக்கொள்ள வேண்டும், தொல்லை தரக்கூடாது. போலீஸ் நடத்தை விதிகளிலேயே 2022இல் இதற்காக ஒரு விதி சேர்த்தார்கள். உன்னை மாற்றிக் காட்டுகிறேன் என்று மருந்தோ மந்திரிப்போ கவுன்சிலிங்கோ சொல்லி எவராவது வந்தால், அந்த வகைச் சிகிச்சைக்குத் தடை இருக்கிறது. செய்கிற டாக்டர் தொழில் ஒழுக்கம் மீறியவர் என்று தேசிய மருத்துவ ஆணையமும் சொல்லிவிட்டது. திருமணம் பதிவு செய்ய உச்ச நீதிமன்றத்தின் 2023 அக்டோபர் 17 தீர்ப்பு இடம் தரவில்லை. அது எனக்கு ஆறாத வருத்தம். ஆனால் 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், வீட்டில் அடைக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணை அவள் விருப்பப்படி போக விட்டபோது, கல்யாணம் ஒன்றுதான் குடும்பம் ஆகும் வழி என்றில்லை, தேர்ந்துகொண்ட குடும்பமும் உண்டு என்று எழுதியது. வழி முழுதாக மூடவில்லை.

மூன்றாவது சீலம் உன் வாழ்க்கையில் நிஜமாகவே குறுக்கிடும் இடம் ஒன்று வரும். வேலை கிடைத்ததும் பெண் பார்க்க ஆரம்பிப்பார்கள். மாமா வருவார், ஜாதகம் வரும், அம்மாவின் கண்ணீரும் வரும். எல்லாரையும் சமாதானப்படுத்த, ஒன்றும் சொல்லாமல் ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி கட்டினால், அதுதான் தம்பி காமத்தில் தவறான நடத்தை. அவளுடைய இளமை, அவள் நம்பிக்கை, அவளைப் பெற்றவர்கள் நகையை அடகு வைத்துத் திரட்டிய பணம் எல்லாம் அதில் போகும். நான் வகுப்பில் பாடம் சொன்ன பெண்பிள்ளைகள் சிலர் இப்படி ஒரு வீட்டுக்குள் போய் உள்ளுக்குள்ளேயே கருகியதைப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுப் பையன்களும் வாழவில்லை.

உன்னைப் பற்றி அம்மாவிடம் சொல்லாமல் இருப்பது பொய்யா, நான்காவது சீலம் உடைகிறதா என்று கேட்டாய். இல்லை. உன் பாதுகாப்புக்காக வாய் மூடியிருப்பது வேறு, இன்னொருத்தியை ஏமாற்ற வாய் மூடியிருப்பது வேறு. படிப்பு முடியட்டும், சொந்தச் சம்பளம் வரட்டும். அதற்குமுன் யாருக்கும் நீ கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவனில்லை.

மைத்ரி தியானம் செய்யும்போது எதிரி முகத்திலிருந்து தொடங்கித் தோற்றுப்போவதாக எழுதியிருந்தாய். புத்தகோசர் விசுத்திமார்க்கத்தில் காட்டும் வரிசை வேறு. முதலில் உன்னிடமிருந்தே தொடங்கு. நான் நலமாக இருக்க வேண்டும் என்று. பிறகு நீ மதிக்கும் ஒருவர், அப்புறம் விருப்பு வெறுப்பு இல்லாத ஒருவர், கடைசியில்தான் பகைவர். முதற்படியில் நீ எவ்வளவு நாள் நின்றாலும் பரவாயில்லை. அந்தப் பெரியவரை அவசரப்பட்டு மன்னிக்க வேண்டாம்.

வாசிப்பு வட்டத்துக்குத் திரும்பப் போவதா வேண்டாமா என்பது உன் விருப்பம். போனால் காலாம சுத்தத்தை வாசிக்கலாம் என்று நீயே முன்மொழி. உன்னைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம். சுத்தத்தை மட்டும் எல்லோரும் சேர்ந்து படியுங்கள். பெண் பார்க்கும் பேச்சு எழுந்தால் ‘இப்போது வேண்டாம்’ என்று தள்ளிப்போடாமல் ‘வேண்டாம்’ என்றே சொல். அம்மா என்னைத் தேடி வந்து, என்ன சார் இவன் இப்படிச் சொல்கிறான் என்று கேட்டால், நீ எந்த அளவுக்குப் பேசச் சொல்கிறாயோ அந்த அளவுக்கு மட்டும் பேசுவேன். அதை அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் தமிழய்யா