எந்தப் பக்கம் திறந்தார்கள்?

வண்டிப்பெரியார் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். மாலை நேரம். பெண்கள் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு லயத்துக்குத் திரும்பினார்கள். அடுப்பு மூட்டிச் சோறு வடித்தார்கள். ஏழு மணிக்கு வகுப்புக்கு வந்தார்கள்.

எங்கள் வகுப்பில் பாடப் புத்தகம் முடிந்துவிட்டது. இப்போது பத்திரிகை படிக்கிறோம். ஒருவர் சத்தமாகப் படிப்பார். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். வானிலை, மருந்து, நிலா, ராக்கெட் என்று எல்லாச் செய்தியும் பேசுவோம்.

அன்று நல்ல மழை. ஒரு தங்கையின் போனில் செய்தி வந்தது. அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“முல்லைப் பெரியாறு அணை திறப்பு. வினாடிக்கு 1,500 கன அடி தண்ணீர் வெளியேற்றம். எல்லாருக்கும் அனுப்புங்கள்.”

எல்லார் முகமும் மாறியது. ஆற்றோரத்தில் வீடு உள்ள அக்கா எழுந்துவிட்டார்.

“புள்ளைங்க தனியா இருக்கு. நான் போறேன் டீச்சர்” என்றார்.

நானும் பயந்துவிட்டேன். “எல்லாரும் மேட்டுக்குப் போயிடுங்க” என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பயம் வீண் பயம் அல்ல. 2021 டிசம்பர் தொடக்கத்தில் இரவு நேரத்தில் அணையின் ஷட்டர்கள் திறக்கப்பட்டன. வண்டிப்பெரியாரில் ஆற்றோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அன்று அந்த அக்கா வீட்டில் அரிசிப் பானை மிதந்தது. அதை அவரால் எப்படி மறக்க முடியும்?

அப்போது மூலையில் இருந்த பெரியம்மா பேசினார். அவர் 58 வயதில் ‘அ, ஆ’ படித்தவர்.

“இரு டீச்சர். தொறந்தாங்க, சரி. எந்தப் பக்கம் தொறந்தாங்க?”

யாருக்கும் பதில் தெரியவில்லை. காலையில் வந்த தமிழ்ப் பத்திரிகையை எடுத்துப் படித்தோம். ‘நீர்மட்டம் 131 அடி. தமிழகப் பகுதிக்கு வினாடிக்கு 1,500 கன அடி திறப்பு’ என்று இருந்தது. பிறகு 1077 என்ற எண்ணுக்குப் போன் செய்தோம். ஷட்டர் எதுவும் திறக்கவில்லை என்று சொன்னார்கள்.

ஆனால் அதற்குள் இரண்டு வீட்டார் மழையில் மேடு ஏறிவிட்டார்கள். ஒரு பாட்டி வழுக்கி விழுந்தார். கையில் நல்ல அடி. நான் அவசரப்பட்டுச் சொன்ன சொல்லால் வந்த அடி அது. அன்று நான் கற்ற பாடத்தை உங்களுக்கும் சொல்கிறேன்.

அணைக்கு இரண்டு வழி

முல்லைப் பெரியாறு அணையின் வேலை 1887-இல் தொடங்கியது. 1895-இல் முடிந்தது. பென்னிகுக் என்ற பொறியாளர் கட்டினார். சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்துக் கட்டிய அணை அது. செங்கல் பொடியைத்தான் சுர்க்கி என்பார்கள்.

இந்த அணையிலிருந்து தண்ணீர் இரண்டு வழியாக வெளியே போகும்.

முதல் வழி சுரங்கம். மலையைக் குடைந்து செய்தது. அதில் போகும் தண்ணீர் கிழக்கே தேனி மாவட்டத்துக்கு இறங்கும். அங்கே மின்சாரம் எடுப்பார்கள். பிறகு கம்பம் பள்ளத்தாக்கில் நெல் விளையும். மிச்சம் வைகைக்குப் போகும்.

இரண்டாவது வழி ஷட்டர். 13 ஷட்டர்கள் உண்டு. அதில் வரும் தண்ணீர் நம் ஆற்றில் வரும். வல்லக்கடவு, வண்டிப்பெரியார் வழியாக இடுக்கி அணைக்குப் போகும்.

இப்போது புரிகிறதா? அன்று வந்த செய்தி கம்பத்தில் நாற்று நடும் நம் சொந்தக்காரர்களுக்கு நல்ல செய்தி. ‘தமிழகப் பகுதிக்கு’ என்ற இரண்டு சொல் விட்டுப்போனது. அதனால் அது நமக்குப் பயச் செய்தி ஆகிவிட்டது.

எண்ணைப் படிப்போம்

“டீச்சர், இடுக்கி அணை 2,390 அடின்னு போட்டிருக்கு. நம்ம அணை 131தான். அப்போ இதுல தண்ணி கொஞ்சம்தானே?” என்று தங்கை கேட்டாள்.

நல்ல கேள்வி. இடுக்கியில் கடல் மட்டத்திலிருந்து கணக்கு வைக்கிறார்கள். அங்கே நிறைந்த அளவு 2,403 அடி. முல்லைப் பெரியாற்றில் அணையின் அடிமட்டத்திலிருந்து கணக்கு. எங்கிருந்து அளந்தார்கள் என்று தெரியாமல் இரண்டு எண்ணை ஒப்பிடக் கூடாது.

1979-இல் அணையின் பலம் பற்றி அச்சம் எழுந்தது. பலப்படுத்தும் வேலைக்காக நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 2014 மே 7 அன்று 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 142 அடி வந்தால்தான் ஷட்டர் திறக்கும் என்று நினைக்காதீர்கள். எந்தத் தேதியில் எத்தனை அடி வைக்கலாம் என்று ஓர் அட்டவணை உண்டு. 2021 அக்டோபர் 29 அன்று 142 அடி வருமுன்பே ஷட்டர் திறந்தார்கள்.

கன அடி என்றால் என்ன? ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் உள்ள பெட்டியை நினையுங்கள். அதில் சுமார் 28 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். நம் குடத்தில் ஏறக்குறைய இரண்டு குடம். வினாடிக்கு 1,500 கன அடி என்றால் ஒவ்வொரு வினாடியும் சுமார் 3,000 குடம்!

நான்கு கேள்விகள்

இப்போது எங்கள் வகுப்புச் சுவரில் நான்கு கேள்விகளை எழுதி வைத்திருக்கிறோம்.

1. யார் சொன்னார்கள்?
2. எப்போது சொன்னார்கள்? தேதி இருக்கிறதா?
3. எங்கே? எந்தப் பக்கம்?
4. எவ்வளவு? எங்கிருந்து அளந்தார்கள்?

அன்று வந்த செய்தியில் எண் மட்டும் இருந்தது. யார் சொன்னது என்று இல்லை. தேதி இல்லை. எந்தப் பக்கம் என்றும் இல்லை.

நம் ஊரில் தமிழ்ப் பத்திரிகையும் வருகிறது. மலையாளப் பத்திரிகையும் வருகிறது. அணையைப் பற்றி இரண்டிலும் இரண்டு விதமாக எழுதுவார்கள். இரண்டையும் படித்துப் பார்த்தோம். பேச்சு வேறு. ஆனால் அன்றைய நீர்மட்டம் இரண்டிலும் ஒன்றுதான்.

ஒன்றை மறக்காதீர்கள். அதிகாரிகள் மைக்கில் வந்து ‘ஷட்டர் திறக்கிறோம், மாறுங்கள்’ என்று சொன்னால் உடனே மாற வேண்டும். அப்போது வாதம் வேண்டாம். பொய்ச் செய்தியை நம்பினால் பாட்டிக்குக் கையில் அடி. உண்மைச் செய்தியைத் தள்ளினால் உயிருக்கே ஆபத்து. இரண்டையும் பிரித்து அறியத்தான் படிக்கிறோம்.

பாட்டியின் கை ஆறிவிட்டது. அவர் இப்போது வகுப்புக்கு வருகிறார். எண்களைப் படிக்கிறார். எந்தச் செய்தி வந்தாலும் முதலில் அவர் கேட்பது ஒன்றுதான்.

“எந்தப் பக்கம்?”

புதிய சொற்கள்

நீர்மட்டம் – அணையில் தண்ணீர் நிற்கும் உயரம்
நீர்வரத்து – அணைக்குள் வரும் தண்ணீர்
உபரிநீர் – தேவைக்கு மேல் உள்ள தண்ணீர்
கரையோரம் – ஆற்றின் ஓரம்

பேசுவோம், செய்வோம்

1. போனில் வந்த செய்தியைக் கேட்டு எல்லாரும் ஏன் பயந்தார்கள்?
2. சுரங்கத் தண்ணீர் எங்கே போகும்? ஷட்டர் தண்ணீர் எங்கே போகும்?
3. வினாடிக்கு 500 கன அடி என்றால் சுமார் எத்தனை குடம்?
4. ஒரு வாரம் தினமும் பத்திரிகையில் நீர்மட்டத்தைப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். தேதியும் எழுதுங்கள். தண்ணீர் ஏறுகிறதா, இறங்குகிறதா?
5. உங்கள் போனில் வந்த ஒரு செய்தியை வகுப்பில் படியுங்கள். நான்கு கேள்விகளையும் கேளுங்கள். எத்தனை கேள்விக்குப் பதில் இருக்கிறது?