சந்தையை அளக்கப் போகும் தம்பிக்கு



பாலக்காட்டில் இயற்பியல் முடித்த கையோடு இடுக்கி ஏலக்காய்ச் சந்தையை ஆய்வுக்கு எடுத்திருக்கிறாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். பொருளாதாரத்தை இயற்பியல் முறைகளால் ஆராயும் துறைக்கு 'ஈகனோபிசிக்ஸ்' என்ற பெயரை இயற்பியலாளர் யூஜின் ஸ்டான்லி முன்வைத்ததே 1995இல் கொல்கத்தாவில் நடந்த மாநாட்டில்தான். தயங்காமல் இறங்கு.

போட்டியை அளக்க ஓர் எளிய கணக்கு இருக்கிறது. நான்கு வியாபாரிகள் சமமாக வாங்கினால், பங்குகளின் வர்க்கங்களைக் கூட்ட 0.25 வரும், தலைகீழாக்கினால் 4. ஒருவரே 70 சதவீதமும் மற்ற மூவர் பத்துப் பத்தும் வாங்கினால் கூட்டுத்தொகை 0.52, தலைகீழாக்கினால் இரண்டுக்கும் கீழே போய்விடும். நால்வர் உட்கார்ந்திருந்தாலும் இரண்டு பேர் அளவுக்குக்கூடப் போட்டி இல்லை. பொருளாதாரத்தில் அந்தக் கூட்டுத்தொகையை ஹெர்ஃபிண்டால் குறியீடு என்பார்கள். ஒழுங்கற்ற திண்மத்தில் ஓர் எலக்ட்ரான் எத்தனை அணுக்களில் பரவியிருக்கிறது என்று பார்க்கப் போடும் கணக்கும் இதேதான்.

ஆனால் எங்கே நின்று அளக்கிறாய்? இடுக்கியின் புற்றடியிலும் தமிழ்நாட்டின் போடிநாயக்கனூரிலும் மின்னணு ஏலக்கூடத்தில் பல வியாபாரிகள் கணினி முன் உட்கார்ந்து விலை கேட்பார்கள். அங்கே மட்டும் அளந்தால் போட்டி நன்றாகவே தெரியும். வண்டன்மேட்டுப் பக்கம் ஓர் ஏக்கர் ஏலக்காய் வைத்திருப்பவரிடம் போய்ப் பார். உரத்துக்கும் மருந்துக்கும் விளைச்சலை வாங்கும் மலைச்சரக்குக் கடையில் முன்பணம் வாங்கியிருந்தால், காய் எடுத்து உலர்கூடத்தில் உலர்த்தியதும் சரக்கு அந்தக் கடைக்குத்தான் போயாக வேண்டும். அவருடைய சந்தையில் குறியீடு 1. அமைப்பின் எல்லையை வரையறுக்காமல் வெப்ப இயக்கவியலில் ஒரு வரிகூட எழுதமாட்டாய். இங்கும் அதே கண்டிப்பு வேண்டும்.

ஏலத்தில் எடுத்த சரக்கையே சில வியாபாரிகள் மறுபடி ஏலத்துக்குக் கொண்டுவருகிறார்கள் என்பது விவசாயிகளின் புகார். 'ரீபூலிங்' என்பார்கள். அதைக் கழிக்காவிட்டால் ஒரே மூட்டையை இரண்டு தடவை எண்ணிவிடுவாய். வரத்துக் கணக்கே தப்பாகிவிடும்.

சந்தை ஒரு சிலர் கையில் குவிவதைக் கண்டதும் சதி என்று எழுதிவிடாதே. ஒரு கணித மாதிரியைப் பார். இருவர் இருவராகச் சேர்ந்து, அந்த இருவரில் ஏழையின் பணத்தில் ஒரு பங்கைப் பந்தயம் வைத்து, நேர்மையாக நாணயம் சுண்டட்டும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இருந்தும் காலப்போக்கில் பணம் ஒரே கையில் போய்ச் சேரும். இயற்பியலாளர் அனிர்பன் சக்ரவர்த்தி 2002இல் இந்த வகை மாதிரியை ஆராய்ந்தார். அதற்காகச் சதியே இல்லை என்றும் எழுதிவிடாதே. ஏகபோகம் உருவாக வில்லன் தேவையில்லை என்பது மட்டுமே மாதிரி சொல்வது. வில்லன் இருக்கிறானா என்பதை ஆவணங்களில்தான் தேட வேண்டும்.

2018 கேரள வெள்ளத்தில் பல ஏலக்காய்த் தோட்டங்கள் அழிந்தன. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அந்த விலை யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது? முன்பணம் வாங்கியவரால் காயை வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது. மூலக்கூறுகளுக்குக் கடன் கிடையாது. அதனால் உன் சமன்பாட்டில் விவசாயியின் கடன் தானாக வராது, நீதான் சேர்க்க வேண்டும். ஏலப் பதிவுகளைத் திறப்பதற்கு முன்னால் விவசாயிகளைப் பார்த்து அவர்களுடைய முன்பணக் கணக்கைக் கேட்டு எழுதிக்கொள்.

அன்புடன்,
அண்ணன்