நான்கு விநாடி

உடன்குடி

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. அமெரிக்காவில் விமானி லைசென்ஸ் வாங்கிய கையோடு ஒரு கோபத்தையும் எழுதியிருந்தாய். இருபது வருடம் ஓட்டியவரையும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பயிற்சியாளர் உட்கார்ந்து பார்ப்பது அவமானம் இல்லையா என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன், ஒரு நாள் காலைவரை.

செஸ்னா 152. பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் பேச்சோடு பேச்சாக த்ராட்டிலை இழுத்துவிட்டார். இன்ஜின் சத்தம் அடங்கியது. உடனே மூக்கைத் தாழ்த்தி 60 நாட் வேகத்தைப் பிடிக்க வேண்டும். கார்புரேட்டர் ஹீட்டை இழுக்க வேண்டும். இறங்க ஒரு வயல் தேட வேண்டும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கை யோக்கைப் பிடித்தபடி சும்மா இருந்தது. நான்கு விநாடி. முள் 50-க்கு வந்த பிறகுதான் புத்தி வந்தது. ஹீட்டை இழுத்தது அவர்.

இத்தனை வருடத்தில் எனக்கு இன்ஜின் ஒருநாளும் நின்றதில்லை. ஆக, என் அனுபவம் முழுக்க இன்ஜின் ஓடும்போது ஓட்டிய அனுபவம்தான்! வேகம் குறைந்து இறக்கை தாங்காமல் போகும் ஸ்டாலும் அப்படியே. விழப்போகிறோம் என்று தோன்றும்போது கை யோக்கை நெஞ்சுப் பக்கம் இழுக்கப் பார்க்கும். முன்னால் தள்ள வேண்டும். பழக்கம் விட்டுப்போனால் பயம் சொல்வதைத்தான் கை கேட்கும்.

இங்கே பனையேறிகள் காலில் மாட்டும் திளாப்பு நாரை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மரத்தில் கால் வைப்பார்கள். நார் நைந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும். என் கை நைந்தது பக்கத்து சீட்டுக்காரருக்குத்தான் தெரிந்தது.

உங்கள் ஊர் விதி கடுமையானதே அல்ல. 24 மாதத்துக்கு ஒருமுறை தரையில் குறைந்தது ஒரு மணி நேரம், வானத்தில் குறைந்தது ஒரு மணி நேரம். பாஸ், ஃபெயில் கிடையாது. திருப்தி இல்லையென்றால் கையெழுத்து விழாது, அவ்வளவுதான். தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று, ஒரு காபி, கையெழுத்து என்று முடித்துக்கொள்கிறவர்களும் இருப்பார்கள். அது வேண்டாம். 1980 ஜூன் 23 அன்று டெல்லியில் சஞ்சய் காந்தி சாகசம் செய்யும்போது விமானம் விழுந்ததே, கேப்டன் சுபாஷ் சக்சேனா என்ற அனுபவசாலியும் அதில்தான் இருந்தார். ஆள் இருப்பதே காப்பாகிவிடாது.

ஜே.ஆர்.டி. டாடாவைச் சொல்லி மடக்குவாய். 1929-ல் இந்தியாவின் முதல் லைசென்ஸ் வாங்கியவர், 1982-ல் 78 வயதில் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டி வந்தார். அதனால்தான் சொல்கிறேன்: வயதைப் பார்த்து நிறுத்துவதைவிடக் கையைப் பார்த்துச் சொல்வது நியாயம்.

தரைப் பாடத்தையும் இளக்காரமாக நினைக்காதே. நான் படித்த காலத்தில் குலசை என்கிற குலசேகரன்பட்டினம் என்றால் தசரா. 2024 பிப்ரவரியில் அங்கே ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ராக்கெட் கிளம்பும் நாளில் நம் கடல்மேல் வானத்தை மூடி, விமானிகளுக்கான நோட்டாம் அறிவிப்பு விடுவார்கள். பழைய ஞாபகத்தில் மணப்பாடு பக்கம் பறக்கப் போகிறவன் கதி?

உன் அம்மாவிடம் கருப்பட்டி கொடுத்திருக்கிறேன். ஈரம் படாமல் டப்பாவில் போட்டு வை. கடைசியாக ஸ்டால் பழகியது எந்தத் தேதி? லாக் புக்கைப் பார்த்து எழுது, உத்தேசமாகச் சொல்லாதே.

அன்புடன்,
மாமா