பைல்களைப் பூட்டும் வைரஸ்: இலவச உதவிகளை எந்த வரிசையில் பயன்படுத்துவது?

கம்ப்யூட்டரை இயக்குகிறீர்கள். போட்டோ, வீடியோ, வேர்ட் பைல் எதுவும் திறக்கவில்லை. ஒவ்வொரு பைல் பெயரின் பின்னாலும் இதுவரை பார்த்திராத நான்கு எழுத்துகள் ஒட்டிக் கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு போல்டரிலும் ரீட்மி என்ற பெயரில் ஒரு டெக்ஸ்ட் பைல். திறந்து பார்த்தால், பைல்களைத் திறக்க 980 டாலர் கேட்டு மிரட்டல். 72 மணி நேரத்திற்குள் தொடர்பு கொண்டால் பாதி விலை, 490 டாலராம்.

2022 மே மாதம் என் அக்கா வீட்டில் இதுதான் நடந்தது. அக்கா மகன் வீடியோ எடிட்டிங் சாப்ட்வேர் ஒன்றைப் பணம் கட்டாமல் பயன்படுத்துவதற்காக கிராக் பைல் ஒன்றை டவுன்லோட் செய்து இயக்கியிருக்கிறான். "விண்டோஸ் அப்டேட் ஆகிற மாதிரி ஒரு விண்டோ வந்தது மாமா. சரி, முடியட்டும் என்று சாப்பிடப் போய்விட்டேன்" என்றான். அந்த அப்டேட் விண்டோவே போலி. அதைக் காட்டிக் கொண்டே பின்னணியில் எல்லா பைல்களையும் அந்த வைரஸ் பூட்டிவிட்டது.

அக்காவிற்குக் கம்ப்யூட்டரைப் பற்றிக் கவலை இல்லை. "உங்க அத்தான் பேசின வீடியோ எல்லாம் அதுலதான்டா இருக்கு" என்றார். அத்தான் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பேக்கப் எடுத்து வைத்திருந்த வெளி ஹார்ட் டிஸ்க்கும் அன்று கம்ப்யூட்டரிலேயே செருகி இருந்ததால், அதில் உள்ளவையும் பூட்டப்பட்டுவிட்டன.

இவ்வகை வைரஸ்களுக்கு ரான்சம்வேர் என்று பெயர். இங்கு வந்தது ஸ்டாப் அல்லது டிஜேவு எனப்படும் குடும்பம். 2018 முதல் பரவியது. பெரும்பாலும் கிராக் சாப்ட்வேர் தேடும் வீட்டுக் கம்ப்யூட்டர்களையே பிடித்தது. இதற்கு இலவச உதவிகள் நிறைய உண்டு. ஆனால் அவற்றைச் சரியான வரிசையில் பயன்படுத்த வேண்டும். வரிசை தவறினால் மீட்கக் கூடியதையும் இழந்துவிடுவோம். நான் செய்ததை அப்படியே தருகிறேன்.

1. இணைப்புகளைத் துண்டியுங்கள்

முதலில் இண்டர்நெட் கேபிளைக் கழற்றுங்கள் அல்லது வை-பியை நிறுத்துங்கள். பென் டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க் இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். வீட்டில் வேறு கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் இருந்தால் அதையும் பிரித்து வையுங்கள்.

2. பார்மட் செய்யாதீர்கள்

எங்களுக்குக் கிடைத்த முதல் ஆலோசனையே "பார்மட் அடித்துவிடலாம்" என்பதுதான். செய்திருந்தால் எல்லாம் போயிருக்கும். பூட்டப்பட்ட பைல்களை அழிக்க வேண்டாம். பெயரையும் மாற்ற வேண்டாம். ரீட்மி பைலையும் பத்திரமாக வைத்திருங்கள். அதில் உள்ள பெர்சனல் ஐடி பின்னால் மிகவும் தேவைப்படும்.

3. வைரஸை நீக்குங்கள்

வைரஸ் இருக்கும்போதே பைல்களைத் திறக்க முயன்றால், திறந்தவை மீண்டும் பூட்டப்படும். எனவே முதலில் சுத்தம் செய்ய வேண்டும். விண்டோஸிலேயே உள்ள டிபெண்டர் போதும். விண்டோஸ் செக்யூரிட்டி சென்று, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன் பிரிவில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் கிளிக் செய்திடுங்கள். அங்கு ஆப்லைன் ஸ்கேன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுமையாக இயங்கும் முன்பே சோதனை நடக்கும். சுமார் 15 நிமிடம் ஆகும்.

இரண்டாவது கருத்துக்கு மைக்ரோசாப்ட் சேப்டி ஸ்கேனர் பயன்படுத்தலாம். வேறு கம்ப்யூட்டரில் டவுன்லோட் செய்து எடுத்து வாருங்கள். இது டவுன்லோட் செய்த 10 நாட்கள் மட்டுமே இயங்கும். பிறகு புதிதாக டவுன்லோட் செய்ய வேண்டும்.

இந்த வைரஸ் இன்னொரு வேலையும் செய்கிறது. ஹோஸ்ட்ஸ் என்ற பைலில் பாதுகாப்பு தளங்களின் பெயர்களை எழுதி, நாம் அங்கு சென்று உதவி பெற முடியாமல் தடுத்துவிடும். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி என்று வரிசையாகப் போல்டர்களைத் திறந்தால் இந்த பைல் கிடைக்கும். நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கி அதைத் திறந்து பாருங்கள். நீங்கள் சேர்க்காத தளப் பெயர்கள் இருந்தால் அந்த வரிகளை நீக்கி சேவ் செய்திடுங்கள்.

சுத்தம் செய்த பின்னரே ஒரு காலி ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, பூட்டப்பட்ட பைல்கள் அனைத்தையும் காப்பி எடுங்கள். இனி எந்தச் சோதனையையும் காப்பியில்தான் செய்ய வேண்டும்.

4. எந்த வைரஸ் என்று கண்டுபிடியுங்கள்

இதற்கு நோ மோர் ரான்சம் தளம் உதவுகிறது. நெதர்லாந்து போலீஸ், யூரோபோல், காஸ்பர்ஸ்கை, மெக்காபி (அப்போது இன்டெல் செக்யூரிட்டி) ஆகியவை சேர்ந்து 2016 ஜூலையில் தொடங்கியது. முற்றிலும் இலவசம். இதில் உள்ள கிரிப்டோ ஷெரிப் பகுதியில் பூட்டப்பட்ட பைல் இரண்டையும் ரீட்மி பைலையும் அப்லோட் செய்தால், எந்த வைரஸ், அதற்குத் தீர்வு உண்டா என்று தேடிச் சொல்லும். ஐடி ரான்சம்வேர் என்ற தளமும் இதே வேலையைச் செய்கிறது. ஆதார், வங்கி விவரம் உள்ள பைல்களை அப்லோட் செய்ய வேண்டாம். சாதாரண படம் ஒன்று போதும்.

5. சாவியைத் தேடுங்கள்

டிஜேவு வைரஸுக்கு எம்சிசாப்ட் நிறுவனம் 2019 அக்டோபரில் இலவச டிகிரிப்டர் வெளியிட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டுக்கு முந்தைய பழைய வகைகளில் பெரும்பாலானவற்றிற்கு இதில் தீர்வு உண்டு. பிந்தைய வகை என்றால் பெர்சனல் ஐடியின் கடைசி இரண்டு எழுத்துகளைப் பாருங்கள். ஆங்கில 'டி' எழுத்தும் எண் 1ம் இருந்தால் பெரும்பாலும் ஆப்லைன் சாவி. அதாவது, வைரஸால் தன் சர்வரைத் தொடர்பு கொள்ள முடியாதபோது, தன்னிடமே உள்ள பொதுச் சாவியால் பூட்டியிருக்கிறது. அதே வகையில் சிக்கிய ஒருவரின் சாவி கிடைத்தால் மற்றவர்களுக்கும் அது உதவும். இன்று இல்லையென்றாலும் சில மாதங்கள் கழித்து மீண்டும் முயலலாம்.

ஐடி வேறு விதமாக முடிந்தால் அது ஆன்லைன் சாவி. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனிச் சாவி. வைரஸ் எழுதியவர்களிடம் மட்டுமே இருக்கும். அக்காவின் கம்ப்யூட்டரில் இருந்தது இதுதான். டிகிரிப்டரை இயக்கியதும் முடியாது என்ற செய்தி வந்தது. பக்கத்தில் நின்றிருந்த அக்கா ஒன்றும் பேசவில்லை.

இங்குதான் பலர் தவறு செய்கிறார்கள். தேடுபொறியில் கிடைக்கும் எல்லா "டிகிரிப்டர்"களையும் டவுன்லோட் செய்கிறார்கள். 2020 ஜூனில் டிஜேவுக்கு மருந்து என்று சொல்லிக் கொண்டு ஸோராப் என்ற வேறொரு ரான்சம்வேர் உலவியது. நம்பி இயக்கியவர்களின் பைல்கள் பூட்டின் மேல் பூட்டாக இரண்டு முறை பூட்டப்பட்டன. நிறுவனத்தின் சொந்தத் தளம் அல்லது நோ மோர் ரான்சம் தவிர வேறு எங்கிருந்தும் எடுக்காதீர்கள். பணம் கொடுத்தாலும் சாவி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

6. சாவி இல்லாவிட்டாலும் ஒரு வழி

வேகத்திற்காக இந்த வைரஸ் ஒவ்வொரு பைலிலும் முதல் 150 கேபி அளவை மட்டுமே பூட்டுகிறது. சிறிய வேர்ட் பைல் முழுவதும் போய்விடும். ஆனால் 200 எம்பி வீடியோவில் 150 கேபி மிகச் சிறிய பகுதிதானே? டிஸ்க்ட்யூனர் நிறுவனத்தின் மீடியா ரிப்பேர் என்ற இலவச புரோகிராம் இதைப் பயன்படுத்தி எம்பி3, எம்பி4 போன்ற பைல்களைச் சரி செய்கிறது. வீடியோவிற்கு, அதே போனில் அல்லது கேமராவில் அதே செட்டிங்கில் எடுத்த, பூட்டப்படாத ஒரு வீடியோ மாதிரியாக வேண்டும்.

அத்தானின் பழைய போன் அலமாரியில் இருந்தது. சார்ஜ் ஏற்றி, அதில் புதிதாக ஒரு சிறு வீடியோ எடுத்து மாதிரியாகக் கொடுத்தேன். முதல் வீடியோ திறந்தது. ஆரம்பத்தில் கொஞ்சம் இல்லை. பிறகு அத்தான் பேசினார். பதினான்கு வீடியோக்களில் பதினொன்று கிடைத்தன. ஜிப் பைல்களின் காப்பியில் அந்த நான்கு எழுத்துகளை நீக்கி 7-ஜிப் மூலம் திறந்தபோது, முதலில் இருந்த சில பைல்கள் தவிர மற்றவை வந்தன. தனித்தனி போட்டோக்களை என்னால் மீட்க முடியவில்லை. அவற்றை ஒரு டிஸ்க்கில் அப்படியே வைத்திருக்கிறோம்.

7. பாஸ்வேர்ட்களை மாற்றுங்கள்

டிஜேவு பல நேரங்களில் பாஸ்வேர்ட் திருடும் புரோகிராம் ஒன்றையும் உடன் கொண்டு வரும். எனவே இமெயில், வங்கி பாஸ்வேர்ட்களை வேறு கம்ப்யூட்டர் அல்லது போனிலிருந்து மாற்றுங்கள். வங்கிப் பணம் திருடப்பட்டிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். மீட்டதைக் காப்பி எடுத்த பின் விண்டோஸைப் புதிதாக இன்ஸ்டால் செய்வது நல்லது. பார்மட் செய்ய வேண்டிய நேரம் இதுதான்.

இனி வராமல் இருக்க

விண்டோஸ் செக்யூரிட்டியில் ரான்சம்வேர் புரொடெக்ஷன் பிரிவில் கண்ட்ரோல்டு போல்டர் ஆக்சஸ் என்ற வசதி உள்ளது. ஆன் செய்தால் அறிமுகமில்லாத புரோகிராம்கள் உங்கள் போட்டோ, டாக்குமெண்ட் போல்டர்களில் கை வைக்க முடியாது. வீடியோ எடிட்டிங்கிற்கு கிராக் தேவையே இல்லை. ஷாட்கட், கேடென்லைவ் இரண்டும் இலவசம். அக்கா மகன் இப்போது ஷாட்கட்தான் பயன்படுத்துகிறான்.

எல்லாவற்றையும் விட முக்கியம் பேக்கப். எடுத்து முடித்ததும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். செருகியே இருக்கும் டிஸ்க் பேக்கப் ஆகாது. அக்கா இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு அன்று பேக்கப் எடுத்து, டிஸ்க்கை அத்தானின் பழைய போன் பக்கத்தில் வைத்துப் பூட்டிவிடுகிறார். இந்த ஞாயிறு நீங்களும் தொடங்குங்கள்.